நோட்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வலைப்படம் வரைதல்: கேள்வி பதில்

வெள்ளவத்தை வாசகி: வலைப்படம் வரையும் கெஃபி மென்பொருளில் 400 நோட்கள் (கோடுகள் இணைக்கும் முனைகள்). நோட்களை அடுக்கும் ஃபோர்ஸ்அட்லஸ் 2 தொடங்கும்போதே, ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைத் தடுக்கும் ‘பிரிவென்ட் ஓவர்லாப்’ போட்டேன். குழுக்கள் பிரியவே இல்லையே, சேர்?

முதலிலேயே போட்டதுதான் காரணம். அது இல்லாதபோது நோட் வெறும் புள்ளி; மற்றவற்றை ஊடறுத்துத் தன் குழுவிடம் போய்விடும். போட்டதும் பருமன் வந்து வழி அடைபடுகிறது. நோட்களின் அளவை முதலில் முடிவுசெய்யுங்கள். பிரிவென்ட் ஓவர்லாப்பை அணைத்து ஓடவிட்டு, அசைவு அடங்கியபின் போடுங்கள். பெயர்கள் ஒன்றையொன்று மறைக்காமல் நகர்த்தும் லேபல் அட்ஜஸ்ட் கடைசியில்தான். பிறகு அளவை மாற்றினால் மறுபடி இடிக்கும்.

தெஹிவளை மாணவர்: பைதன் நூலகமான நெட்வொர்க்எக்ஸின் ஸ்பிரிங் லேஅவுட்டில், நோட்களின் இடைத்தூரத்தைக் குறிக்கும் ‘கே’ மதிப்பைக் கூட்டியும் நெரிசல் குறையவில்லை.

ஸ்பிரிங் லேஅவுட் முடிவில் எல்லா நோட்களின் ஆள்கூறுகளையும் −1க்கும் 1க்கும் இடையில் அடக்கிவிடும். ‘கே’யால் நோட்களின் அமைப்பு மாறலாம். ஆனால் தாளில் இடம் அதிகமாகாது. படத்தை 8 அங்குலத்திலிருந்து 16 ஆக்குங்கள்: நோட் அப்படியே நிற்க, இடைவெளி இரட்டிக்கும். நோட் சைஸ் என்பது பரப்பளவுக் கணக்கு. வழமையான 300 என்றால் அகலம் ஏறக்குறைய 17 பாயிண்ட் (ஒரு பாயிண்ட் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு). அகலத்தைப் பாதியாக்க 150 போதாது, 75 வேண்டும்.

கொட்டாஞ்சேனை வாசகர்: கரையோர ரயில் நிலையங்களை உண்மையான ஆள்கூறுகளில் வைத்து வலைப்படம் வரையும் கிராஃப்விஸ் மென்பொருளில் வரைகிறேன். கோட்டை, கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி மூன்றும் ஒட்டிக்கொள்கின்றன.

கிராஃப்விஸின் நீட்டோ கட்டளையை, கொடுத்த இடங்களையே எடுத்துக்கொள்ளும் ‘மைனஸ் என்’ (-n) உடன் ஓட்டி, ஓவர்லாப்பை ‘பிரிசம்’ என்றும் நோட்களுக்கிடையே விடும் இடைவெளியான செப்பை ‘+6’ என்றும் கொடுங்கள். பிரிசத்துக்குப் பதில் ‘ஸ்கேல்’ கொடுத்தால் வடிவம் மாறாது, ஆனால் ஒரு நெருக்கமான சோடிக்காகப் படம் முழுவதும் ஊதிவிடும். பிரிசம் நோட்களைச் சற்றே நகர்த்தும், யார் யாருக்குப் பக்கத்தில் என்பதைப் பெரும்பாலும் காக்கும். இடம் இம்மியும் மாறக்கூடாதென்றால் நிலையத்தைச் சிறு புள்ளியாக்கிப் பெயரை நோட்டுக்கு வெளியே எழுதும் எக்ஸ்லேபலில் போடுங்கள். வரைபடத்துக்கு நான் இதையே விரும்புவேன்.

அவரே: வளைகோடு கேட்டேன், நேர்கோடு வருகிறது.

நோட்களின் ஓரங்கள் தொடுகின்றன. அப்போது கிராஃப்விஸ் எச்சரித்துவிட்டு நேர்கோட்டுக்குத் திரும்பும். கோடுகள் நோட்களைச் சுற்றி விடும் இடைவெளியான ஈசெப் எப்போதும் செப்பைவிடக் குறைவாக இருக்கட்டும்.

வத்தளை வாசகி: தமிழ்ப் பெயர்கள் என் கணினியில் பெட்டிக்குள் நிற்கின்றன, நண்பரின் கணினியில் வெளியே வழிகின்றன.

எஸ்விஜி படக்கோப்பில் எழுத்து எழுத்தாகவே போகிறது. அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று, அகலம் கூடியதாக, வந்து உட்காரும். கிராஃப்விஸிலிருந்து ‘எஸ்விஜி:கெய்ரோ’ என்று வெளியிடுங்கள். எழுத்துகள் உருவங்களாகப் பதிந்துவிடும்.

மருதானை வாசகர்: டி3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில், நோட்கள் மோதாமல் விலக்கும் ஃபோர்ஸ் கொலைட் சேர்த்தும் பலனில்லை.

ஆரை கொடுக்காவிட்டால் அது 1 என்றே எடுக்கும். ஒவ்வொரு நோட்டின் ஆரையோடு 2 கூட்டிக் கொடுங்கள். அது வட்டங்களை மட்டுமே பார்க்கும். நீளமான பெயர்ப்பெட்டி இருந்தால் பெட்டியின் மூலைவிட்டத்தில் பாதியை ஆரையாகக் கொள்ளுங்கள்.