வாசனை மூளைக்குள் போகும் வழி: கேள்வி பதில்

உடற்கூற்றியல் பாடம் நடத்துகிறேன். நுகர்ச்சி பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி: ஐயா, மூளையில் வாசனைக்கென்று தனி இடம் உண்டா?

ஒரே இடம் என்று காட்ட முடியாது. ஒரு வழி இருக்கிறது. மூக்கின் உச்சியில் உள்ள சிறிய சவ்வில் நுகர்ச்சி நரம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றின் இழைகள் மண்டையோட்டின் அடியிலுள்ள சல்லடை எலும்பின் துளைகளில் நுழைந்து மேலேறி, நுகர்ச்சிக் குமிழைத் தொடுகின்றன. மூளையின் முன்பகுதியான நெற்றிமடலுக்கு அடியில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மண்டையிலிருந்து மூளையை எடுக்கும்போது கொஞ்சம் அவசரப்பட்டாலும் குமிழ் அறுந்து எலும்போடு நின்றுவிடும். அத்தனை மென்மையானது.

கேள்வி: குமிழுக்குள் என்னதான் நடக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வாசனை மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும் நுகர்ச்சி ஏற்பிகள் மனிதரிடம் சுமார் 400 வகை உண்டு. ஒரு நரம்பு செல்லில் பொதுவாக ஒரே வகைதான் இருக்கும். ஒரே வகை ஏற்பி உள்ள செல்கள் சவ்வில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். ஆனாலும் அவற்றின் இழைகள் குமிழுக்கு வந்ததும் கிளோமெருலஸ் என்ற குறிப்பிட்ட சில நுண்ணிய உருண்டைகளில் ஒன்றுகூடிவிடுகின்றன! ஒரு வாசனை வந்தால் சில உருண்டைகள் விழித்துக்கொள்ளும், மற்றவை சும்மா இருக்கும். அந்தப் புள்ளிக்கோலம்தான் அந்த வாசனைக்கு அடையாளம். அதைக் குமிழிலுள்ள மைட்ரல் செல்கள் என்ற நரம்பு செல்கள் மூளைக்குள் எடுத்துச் செல்கின்றன. ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991-இல் வெளியிட்டார்கள். 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: ஒரு வாசனை பட்டதும் சிறுவயது ஞாபகம் பொங்கி வருகிறதே, ஏன்?

பார்வை, ஒலி, தொடுதல் எல்லாம் தலாமஸ் என்ற சந்திப்பைத் தாண்டித்தான் மூளையின் மேலடுக்கான புறணிக்குப் போகும். வாசனைக்கு அந்த நிறுத்தம் கிடையாது. மைட்ரல் செல்களின் இழைகள் நேராக, வாசனைச் செய்தியைப் பெறும் முக்கியப் பகுதியான பிரிஃபார்ம் புறணிக்கும், உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலாவுக்கும், எண்டோரைனல் புறணிக்கும் செல்கின்றன. கடைசியாகச் சொன்னது, நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸின் வாசல். ஞாபகத்துக்கும் வாசனைக்கும் இடையில் தூரம் அவ்வளவு குறைவு.

ஆனால் தலாமஸுக்கு வேலையே இல்லை என்று சிலர் எழுதுவது தவறு. பிரிஃபார்ம் புறணியிலிருந்து கண்குழிக்கு மேலுள்ள நெற்றிப் புறணிக்குச் செய்தி நேராகவும் போகும், தலாமஸ் வழியாகவும் போகும். இது என்ன வாசனை, பிடிக்கிறதா என்று எடைபோடுவதில் அந்த நெற்றிப் புறணிக்கு முக்கியப் பங்கு உண்டு.

கேள்வி: தலையில் அடிபட்டபின் எனக்கு வாசனையே தெரியவில்லை. மூக்கில் கோளாறு இல்லை என்கிறார்கள். திரும்பி வருமா?

படிக்கவே வருத்தமாக இருக்கிறது. அடிபடும்போது மூளை குலுங்கும், சல்லடை எலும்பு அசையாது. நடுவில் இருக்கும் மெல்லிய இழைகள் அறுந்துபோகலாம். குமிழோ நெற்றிமடலின் அடிப்பகுதியோ நசுங்கியிருக்கவும் கூடும். ஆறுதலான விஷயம், நுகர்ச்சி நரம்பு செல்கள் அடித்தள செல்களிலிருந்து புதிதாக முளைக்கக்கூடியவை. துளைகளில் தழும்பு அடைத்திருந்தால் புது இழைகள் மேலேறுவது கடினம். அதனால் சிலருக்கு மாதக்கணக்கில் மெல்லத் திரும்புகிறது, சிலருக்குத் திரும்புவதில்லை. நரம்பியல் மருத்துவரையும் பாருங்கள். அதுவரை எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவி ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: கொரோனாவில் போனதும் இப்படித்தானா?

இல்லை. அங்கே வைரஸ் பெரும்பாலும் தாக்கியது நரம்பு செல்களுக்குத் துணையாக நிற்கும் செல்களை. அதனால்தான் பலருக்குச் சில வாரங்களில் வாசனை திரும்பியது.

கேள்வி: வாசனை தெரியாத என் அம்மாவுக்கு அம்மோனியா மட்டும் சுருக்கென்று ஏறுகிறதே?

அந்தக் காட்டம் வேறு நரம்பின் வேலை. நுகர்ச்சி நரம்பு முதலாவது மண்டை நரம்பு. எரிச்சலையும் மெந்தாலின் குளிர்ச்சியையும் முகத்துக்கான ஐந்தாவது நரம்பு கொண்டுபோகிறது. முதலாவது ஓய்ந்துபோனாலும் ஐந்தாவது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.