உங்களுக்குப் பிடித்த மீன் எது?

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயது. தக்கலை பக்கம் வீடு. கணவர் துபாயில் இருக்கிறார். மாமி, நாத்தனார் குடும்பம் எல்லாரும் ஒரே காம்பவுண்டு. சேலை எடுத்தாலும் சமைத்தாலும் யாராவது ‘நல்லா இருக்கு’ என்று சொல்லாவிட்டால் அன்று தூக்கம் வராது. மீன் குழம்பு வைத்தால், மாமி முதல் உருண்டையை வாயில் வைக்கிறவரை பக்கத்திலேயே நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இது மாறுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புத் தங்கைக்கு,

மீன் குழம்பைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு மூன்று தடவை படித்தேன். அந்தக் குழம்பு உங்களுக்குப் பிடித்திருந்ததா? அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது அதுதான்.

நாலு பேர் பாராட்டினால் சந்தோஷம்தான், அதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் நிற்கிற நிற்பு, சின்ன வயதில் மார்க் அட்டையை நீட்டிவிட்டு அப்பா முகத்தைப் பார்த்து நின்ற நிற்பு. மாமி முகம் சுளித்தால் அன்று மூட்டுவலியாக இருக்கலாம். மகன் போன் பண்ணாத ஏக்கமாக இருக்கலாம். எல்லாவற்றையும் உங்கள் குழம்பின் கணக்கில் எழுதிக்கொள்கிறீர்களே!

யார் பேச்சையும் கேட்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். உப்பு தூக்கல் என்றால் அடுத்த தடவை குறையுங்கள். அது குழம்பைப் பற்றிய பேச்சு, உங்களைப் பற்றியது இல்லை.

நாளைக்கு மீன்காரர் வரும்போது உங்களுக்குப் பிடித்ததை வாங்குங்கள். சாளையா, நெத்திலியா? புளிக்குழம்பா, தேங்காய் அரைத்த குழம்பா? யோசிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், பரவாயில்லை. இறக்குவதற்கு முன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நீங்களே ருசி பாருங்கள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, உங்கள் தட்டையும் வைத்துக்கொண்டு கூடவே உட்காருங்கள். ‘எப்படி இருக்கு?’ என்று மட்டும் கேட்காதீர்கள். நெஞ்சு படபடக்கும், சோறு இறங்காது. சரி, படபடப்போடேயே சாப்பிட்டு எழுந்திருங்கள். மறுநாளும் அப்படியே.

பயம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் அது போகவே போகாது. நம் குமரி மாவட்டத்தில் அந்தக் காலத்தில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை போடக்கூடாது என்று தடை இருந்தது. அதை மீறித் தோள்சீலை போட்டுக்கொண்டு வெளியே போன பெண்களை அடித்தார்கள், சீலையைக் கிழித்தார்கள். மேலாடை போடலாம் என்று 1859இல் திருவிதாங்கூர் மன்னரின் உத்தரவு வருவதற்குள் எத்தனை வருஷம் போராட்டம்! உங்கள் தக்கலை இருக்கிற கல்குளம் பக்கமும் அது நடந்தது. அந்தப் பெண்களுக்குப் பயம் இல்லாமலா இருந்திருக்கும்? பயத்தோடேதான் நடந்திருப்பார்கள். அவர்கள் பட்டதையும் உங்கள் வீட்டுக் குழம்பையும் நான் ஒன்றாக வைக்கவில்லை. மனசு நடுங்கும்போதும் கால் நடக்கும் என்பதற்காகத்தான் சொன்னேன்.

சேலை விஷயம் அப்புறம், முதலில் மீன். குழம்பு எப்படி வந்தது, யார் என்ன சொன்னார்கள் என்றெல்லாம் எனக்கு எழுத வேண்டாம். எந்த மீன் வாங்கினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.