குடுவை யார் கையில்?

அன்புள்ள ஐயா,

கரிம வேதியியலில் பிஎச்டி முடித்து, அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டாக போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) செய்கிறேன். இரவு வைத்த கரைசலில் காலையில் படிகங்களைப் பார்க்கும் சந்தோஷம் எனக்கு வேறெதிலும் இல்லை. டெனூர் டிராக் வேலைக்கு (நிரந்தரப் பேராசிரியர் பதவிக்கு இட்டுச்செல்லும் வேலை) எத்தனை கட்டுரைகள் வேண்டும்? இப்போதே விண்ணப்பிக்கலாமா, இன்னும் ஓராண்டு பொறுக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கட்டுரைக் கணக்கை உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார். எனக்கு அந்தப் படிகங்கள்தான் உறுத்துகின்றன.

உங்கள் ஆசை குடுவைமேல். விண்ணப்பிக்கப்போவதோ குடுவையைத் தொட நேரமே தராத வேலைக்கு. முதல் ஓரிரு ஆண்டுகள் கை நனையும். அப்புறம் நல்கை விண்ணப்பம், வகுப்பு, மாணவர் சம்பளம், பழுதான கருவி. நான் வேதியியல் படித்தபோது ஒரு பேராசிரியர் சாயங்காலமானால் ஆய்வகத்தில் வந்து நிற்பார். மாணவன் கையிலிருக்கும் டிஎல்சி தகட்டை (கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் தகடு) வாங்கிப் புற ஊதா விளக்கடியில் பிடித்து, “ரெண்டு புள்ளி தெரியுதே, இன்னும் சுத்தமாகலை” என்பார். தானே சுத்தம் செய்துவிட அவருக்குக் கை துறுதுறுக்கும். அதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

வைட்டமின் பி12-ஐ ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கியவர்கள் உட்வர்டு, எஷன்மோசர் என்ற இரு வேதியியலாளர்கள் என்று படிக்கிறோம். 1972-இல் முடிந்த அந்த வேலையில் ஹார்வர்டிலும் சூரிச்சிலுமாக ஏறக்குறைய நூறு பேர் உழைத்தார்கள். நீங்கள் பேராசிரியரானால் உழைக்கும் கைகள் இன்னொருவருடையவை. அதை யோசித்தீர்களா? முப்பது வினைப் படிகளில் உருவாக்க வேண்டிய மூலக்கூறு ஒன்றை, அழகாயிருக்கிறதே என்று ஒரு முதலாண்டு மாணவியிடம் நீட்டுவீர்கள். படிக்குப் படி 90 சதவீதம் ஈல்டு (கைக்குக் கிடைக்கும் விளைபொருள்) வந்தாலும், ஒன்றன்பின் ஒன்றாக முப்பது படிகளும் முடிந்து கடைசியில் மிஞ்சுவது 4 சதவீதம். எந்தக் குடுவையில் படிக்குப் படி 90 வருகிறது, சொல்லுங்கள். இருபதாம் படியில் சரக்கு தீர்ந்து அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். உங்கள் டெனூர் மதிப்பீடு பெரும்பாலும் ஆறாம் ஆண்டில் வரும், அவளுடைய பட்டமும் ஏறக்குறைய அப்போதுதான். பாதியில் நின்றாலும் ஒரு புதிய வினையாவது மிஞ்சுகிற மாதிரி ஆய்வுச் சிக்கலைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவருக்கு மாணவர்களைக் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி. கட்டுரை எத்தனை என்று கேட்ட நீங்கள் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, தம்பி.

மருந்து நிறுவனங்களில் வருடக்கணக்காகக் குடுவையோடு இருப்பவர்கள் உண்டு. பேராசிரியரானால்தான் விஞ்ஞானி என்று யார் சொன்னது?

இல்லை, இதுதான் வேண்டும் என்றால் சரி. உங்கள் வழிகாட்டியின் மூலக்கூறு எட்டிப் பார்க்காத ஓர் ஆய்வுத் திட்டத்தை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். ஓராண்டு பொறுப்பதா என்பதை அதைப் படித்தபின் பேசலாம்.