பட்டறைப் பதில்கள்: 130 குதிரைக்கு ஆசைப்படும் எம்ஜிபி

கேள்வி: பெரியப்பா விட்டுப்போன 1967 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் லாஸ்பேட்டை வீட்டு ஷெட்டில் பல வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. போன மாதம்தான் வெளியே தள்ளினேன், என்ஜின் ஜாம். எப்படியும் பிரிக்கப் போகிறோம், அப்படியே பவரையும் ஏற்றிவிடலாம் என்று ஆசை. 60 தௌ போர் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது), ரேஸ் கேம் (வால்வை அதிக நேரம் திறந்து வைக்கிற கேம்ஷாஃப்ட்), 45 வெபர் கார்புரேட்டர், இந்த மூன்றும் போட்டால் 130 குதிரைத்திறன் வரும் என்கிறார் நண்பர். செய்யலாமா சார்?
(புதுச்சேரி வாசகர்)

பதில்: நண்பர் சொன்னது எதுவும் தப்பில்லை, ஆனால் இந்த என்ஜினுக்குள் காற்று எந்த வழியாகப் போகிறது என்று அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. சிலிண்டர்களுக்கு மூடி மாதிரி உட்கார்ந்திருக்கிற ஹெட்டைக் கழற்றியதும் மேனிஃபோல்டு உட்காரும் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிலிண்டர் நாலு, ஆனால் காற்று உள்ளே போக வாசல் இரண்டே இரண்டு. 1-க்கும் 2-க்கும் ஒன்று, 3-க்கும் 4-க்கும் ஒன்று. வெடிக்கும் வரிசை 1-3-4-2. அதாவது 2-வது சிலிண்டர் இழுத்து முடிக்கிற சூட்டோடு அதே வாசலில் 1-வது வந்து நிற்கும், அப்புறம் ஏறக்குறைய ஒரு சுற்றுக்கு அந்தப் பக்கம் ஆளே இருக்காது. ஒரே தெருக்குழாயில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் குடம் வைக்கிற கதைதான்.

கம்பெனி கேம்ஷாஃப்ட் இன்லெட் வால்வை 252 டிகிரி திறந்து வைக்கிறது. 300 டிகிரி ரேஸ் கேம் போட்டால் பக்கத்து சிலிண்டருக்குப் போக வேண்டியதை இது பிடுங்கும், இதற்குப் போக வேண்டியதை அது பிடுங்கும், ஐடிலிங்கில் கார் ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்கும். வெபரும் அப்படித்தான். அதில் இருப்பது இரண்டு குழல், இங்கே இருப்பது இரண்டு வாசல். அந்த வேலையை உங்கள் காரில் ஏற்கனவே இருக்கிற இரட்டை எஸ்யூ கார்புரேட்டரே செய்துகொண்டிருக்கிறது, அதன் த்ராட்டில் ஷாஃப்டும் நீடிலும் தேயாமல் இருந்தால் போதும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த கார் டாப் கியரில் என்ஜின் நிமிஷத்துக்கு 1000 சுற்று சுற்றினால் மணிக்கு சுமார் 29 கி.மீ. போகும். ஈசிஆரில் 90-ல் போனால் என்ஜின் 3100-ல் ஓடும். அதற்கு மேல் போக மாடும் ஸ்பீடு பிரேக்கரும் விடாது. 4500-க்கு மேல்தான் கண் விழிக்கிற கேமை வைத்துக்கொண்டு மரக்காணம் வரை என்ன செய்வீர்கள்? பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், வேறு 88.9 மி.மீ., நல்ல நீளம். கம்பெனி சொன்ன 95 குதிரைத்திறன் வருவது 5400 சுற்றில். அதை 7000-க்கு ஏற்றினால் கனெக்டிங் ராடை இழுக்கிற விசை கிட்டத்தட்ட 68 சதவீதம் கூடிவிடும். உங்களுடையது ஐந்து மெயின் பேரிங் கிராங்க், ஆரம்ப கால மூன்று பேரிங் என்ஜினைவிடக் கெட்டி. அதற்காக அதை வதைக்க வேண்டியதில்லை.

சரி, போருக்கு வருவோம். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொன்னேன். 60 தௌ போட்டால் 1798 சிசி 1868 ஆகும், கூடுவது 4 சதவீதம்கூட இல்லை. அதற்காகச் சுவரை இளைக்க வைத்தால் அடுத்த முறை ஸ்லீவ் (சிலிண்டருக்குள் புது உறை) போடுவதைத் தவிர வழியில்லை. முதலில் போர் கேஜ் வைத்து மேலே, நடுவில், கீழே என்று குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். ஜாம் ஆன என்ஜின் என்பதால் ரிங் நின்ற இடத்தில் துரு குழி பறித்திருக்கும். 20-ல் சுத்தமாகிவிட்டால் 20 போதும், 40 வேண்டுமென்றால் 40. பிஸ்டன் கைக்கு வந்த பிறகு, அதை வைத்து அளந்துதான் போர் போட வேண்டும், முன்கூட்டியே போட்டு வைக்கிற பட்டறையில் வேலை கொடுக்காதீர்கள்.

பவர் ஒளிந்திருப்பது ஹெட்டில். வால்வ் சீட்டுக்கு அடியில் வார்ப்பு விட்டுப்போன படிக்கட்டை வழித்து, சீட்டை மூன்று கோணத்தில் வெட்டினாலே என்ஜின் மூச்சு விடுவது தெரியும். வாசலைக் குடைந்து பெரிதாக்குகிறேன் என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், பெரிதானால் காற்றின் வேகம்தான் குறையும். எக்ஸாஸ்ட் பக்கம் கடின சீட் அவசியம். நம் நாட்டில் 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது, அந்த ஈயம் சீட்டைத் தேயாமல் காக்கும் என்று நம்பி வார்த்த இரும்பு இது.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது உள்ளே போன கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறோம் என்பது. இதில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். பல வருஷம் முன்பு ஒரு அம்பாசடர் ஹெட்டின் முகப்பைச் சீவி கம்ப்ரஷனை ஏற்ற "கொஞ்சம் ஃபேஸ் பண்ணுங்க" என்று வாயால் சொல்லிக் கொடுத்தேன். பட்டறைக்காரருக்குக் "கொஞ்சம்" எவ்வளவு என்று அவருக்கே தெரியவில்லை. கம்ப்ரஷன் எகிறிப்போய், திண்டிவனம் மேம்பாலம் ஏறும்போதே தகரத்தில் கல் உருட்டுகிற சத்தம். ஹெட்டுக்கு அடியில் வைக்கிற பேக்கிங்கை இரண்டாக ஒன்றன் மேல் ஒன்று வைத்துச் சமாளித்தேன், அது ஒரே வாரத்தில் பறந்தது. அன்றிலிருந்து ஊசிதான், மருந்துக்கடையில் விற்கிற 20 மில்லி சிரிஞ்ச். ஹெட்டைத் தலைகீழாக மட்டம் பார்த்து வையுங்கள், வால்வும் பிளக்கும் மாட்டியிருக்கட்டும், விளிம்பில் லேசாக கிரீஸ் தடவி, சின்ன ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டை அழுத்துங்கள். சாயம் போட்ட மண்ணெண்ணெயை ஓட்டை வழியாக விடுங்கள். கடைசியில் ஒரு காற்றுக்குமிழி ஓட்டையை விட்டு ஓடி ஓடி விளையாடும், ஹெட்டைக் கொஞ்சம் சாய்த்து அதை வெளியேற்றியதும் எத்தனை மில்லி போயிருக்கிறது என்று எழுதுங்கள். நாலு அறையும் ஒரே அளவாக இருக்காது, பெரிய அறையை அளவுகோலாக வைத்து மற்றதைத் தேயுங்கள்.

40 தௌ போர் என்றால் ஒரு சிலிண்டர் 461 சிசி. 9.5 கம்ப்ரஷன் வேண்டுமானால் பிஸ்டன் மேலே வந்து நின்றபிறகு மிஞ்சுகிற இடம், பேக்கிங் கனமும் பிஸ்டன் தலைக் குழியும் சேர்த்து, 54.3 சிசி. கம்பெனி 8.8-க்கு அது 57.6. ஆக 3.3 சிசி குறைத்தால் சரி, போர் போட்டதிலேயே 8.8 என்பது 9.0 ஆகியிருக்கும். அறையில் அந்த 3.3 சிசி குறைவாக மண்ணெண்ணெய் விட்டு, திரவத்தின் மேல்மட்டம் முகப்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று ஆழ அளவியால் பாருங்கள். அதுதான் வழிக்க வேண்டிய அளவு. காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்.

9.5-க்கு மேல் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. 1958-ல் எம்ஜி கம்பெனியே எம்ஜிஏ ட்வின் கேம் என்று ஒன்றை விட்டது. 1588 சிசி, 108 குதிரைத்திறன், கம்ப்ரஷன் 9.9. பிஸ்டனில் ஓட்டை விழுந்து பேர் கெட்டு, 8.3-க்கு இறக்கியும் எடுபடாமல் 2111 காரோடு 1960-ல் நிறுத்தினார்கள். தயாரித்தவர்களுக்கே அந்தக் கதி, நம் கத்திரி வெயிலில் நமக்கு எதற்கு?

மிச்சக் காசை பேலன்ஸிங்கில் போடுங்கள். பிஸ்டன் நாலையும் நகைக்கடைத் தராசில் நிறுத்து, எடை குறைந்ததற்கு மற்றவற்றை இழைத்துக் கொண்டுவரலாம். ராடைப் பெரிய முனை, சின்ன முனை தனித்தனியாக நிறுக்க வேண்டும். கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் பிரஷர் பிளேட் மூன்றையும் சேர்த்துச் சென்னைக்கோ கோவைக்கோ அனுப்புங்கள். கேம் 270 டிகிரி பக்கம் போதும். 110-ஐ ஒட்டி வரும் என்பது என் கணக்கு, 130-ஐ மறந்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் எம்ஜிஏ 1500 இருக்கிறது, பிளாக் வெடித்துவிட்டது. அம்பாசடர் என்ஜினை அப்படியே வைத்துவிடலாம் என்கிறார்களே, உண்மையா?
(கடலூர், மஞ்சக்குப்பம்)

பதில்: முக்கால் உண்மை. இரண்டும் 1489 சிசி, போர் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9, ஒரே பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் என்ஜின் குடும்பம். அதனால்தான் பழைய அம்பாசடர் கை ஒருவர் கிடைத்தால் உங்கள் காரை இங்கேயே கட்டலாம். எம்ஜிஏ 68-ம் பிறகு 72-ம் தந்தது, அம்பாசடர் 50-ஐ ஒட்டித்தான். வித்தியாசம் ஹெட், கேம், இரட்டை கார்புரேட்டர் மூன்றிலும் இருக்கிறது, அவற்றை உங்கள் பழைய என்ஜினிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள். பின்பக்கத் தகடு, மவுண்டிங் இரண்டையும் வாங்குவதற்கு முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள். ஆர்டிஓவில் முன்அனுமதி வாங்கி ஆர்சி புத்தகத்தில் என்ஜின் நம்பரை மாற்றாமல் ரோட்டில் இறக்காதீர்கள், டிஎன்-31 ஆனாலும் பிஒய்-01 ஆனாலும் இதே கதைதான்.

கேள்வி: விலை குறைவு என்று புதுச்சேரி எல்லையில் டேங்கை நிரப்பித் திரும்பும்போது முள்ளோடை நெரிசலில் என் எம்ஜிபி நின்றுவிடுகிறது. ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது. 20 சதவீத எத்தனால்தான் காரணமா?
(கடலூர் முதுநகர்)

பதில்: பாதிக் காரணம். இந்த என்ஜினில் எக்ஸாஸ்டும் கார்புரேட்டரும் ஒரே பக்கம், நெரிசலில் நின்றால் ஃப்ளோட் அறைக்குள் பெட்ரோல் கொதிக்கும், எத்தனால் கலந்தது கொஞ்சம் சீக்கிரம். நடுவில் இருக்க வேண்டிய வெப்பத் தகட்டைப் பலர் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள், முதலில் அதைத் தேடி மாட்டுங்கள். பெரிய ஆபத்து வேறு. பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், 20 சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5 போதும், அதனால் பழைய செட்டிங்கில் பெட்ரோல் போதாமல் கலவை வறட்சியாகிவிடும். எஸ்யூவின் பக்கத்து முளையை மேலே தள்ளி பிஸ்டனை ஒரு மி.மீ. தூக்குங்கள். என்ஜின் சுருண்டால் வறட்சி, வேகம் கூடி அந்த வேகத்திலேயே ஓடினால் பெட்ரோல் அதிகம், லேசாக எகிறி அடங்கினால் சரி. வறட்சி என்றால் ஆறு முக ஜெட் நட்டை ஒரு முகம் ஒரு முகமாக இறக்கிப் பாருங்கள். ரப்பர் ஹோஸை எத்தனால் தாங்குகிறதாக மாற்றுங்கள்.

கேள்வி: கட்டி முடித்த என்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது என்ன கவனிக்க வேண்டும்?
(வில்லியனூர்)

பதில்: பிளக்கைக் கழற்றிவிட்டு ஆயில் பிரஷர் காட்டும் வரை செல்ஃபில் சுற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்கில் விடாதீர்கள். புது கேமும் டேப்பட்டும் ஒன்றோடொன்று பழக வேண்டும், அதற்குத் துத்தநாகம் கலந்த ஆயிலும் 2000-லிருந்து 2500 சுற்று வரை 20 நிமிஷமும் வேண்டும். முழுதும் ஆறியபிறகு ஹெட் நட்டை வரிசைப்படி மறுபடி இறுக்குங்கள், ஹெட் இறங்குவதால் டேப்பட் கேப் மாறியிருக்கும், அதைக் குளிர்ந்த நிலையில் 15 தௌ வைத்துவிட்டு வண்டியை வெளியே எடுங்கள்.