கேட்கவா, கேட்காமல் செய்யவா?

அன்புள்ள ஐயா,

அலுவலக வேலைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிப்பவள் நான். ஆறு ஆண்டு நிர்வாகப் பிரிவில் இருந்தேன். இப்போது நான்கு மாதமாக எங்கள் எம்.டி.க்கு எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டென்ட். எதையாவது கேட்டால் "இதையெல்லாமா என்னிடம் கேட்பீர்கள்?" என்கிறார். கேட்காமல் செய்தால் "யாரைக் கேட்டுச் செய்தீர்கள்?" என்கிறார். போன வாரம் இரண்டு மீட்டிங்குகள் ஒரே நேரத்தில் விழுந்தன. வாராவாரம் வரும் வெளிநாட்டு அழைப்பொன்று, நான் எதையும் தொடாமலேயே ஒரு மணி நேரம் நகர்ந்துவிட்டது. இந்த வேலையை எங்கிருந்து ஒழுங்குபடுத்துவது?

பெயர் வெளியிட வேண்டாம்.
ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

அவருடைய இரண்டு கோபத்துக்கும் காரணம் ஒன்றுதான். எதை நீங்களே முடிக்கலாம், எதற்கு அவரிடம் வர வேண்டும் என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டீர்கள். பட்டுப் பட்டுத் தெரிந்துகொள்ளலாம்தான். அதற்கு ஒரு வருடம் திட்டு வாங்க வேண்டும்.

அவரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். போன இரண்டு வாரக் காலண்டரை அச்செடுத்து எதிரில் வையுங்கள். "பொதுவாக எப்படிச் செய்யட்டும்?" என்று கேட்டால் "உங்களுக்கே தெரியுமே" என்பார். அது பதிலே அல்ல. நடந்து முடிந்த ஒவ்வொரு மீட்டிங்கையும் விரலால் தொட்டுக் கேளுங்கள்: இதை நானே ஒத்துக்கொண்டிருக்கலாமா, நானே தள்ளிப்போட்டிருக்கலாமா, உங்களிடம் வந்திருக்க வேண்டுமா? பத்துப் பதினைந்து மீட்டிங் தாண்டுவதற்குள் மூன்று குவியல் தானாகப் பிரிந்துவிடும். செய்துவிட்டுச் சொல்லவே தேவையில்லாதவை. செய்துவிட்டு மாலையில் ஒரு வரி சொல்ல வேண்டியவை. கேட்டபிறகே தொட வேண்டியவை. போர்டு உறுப்பினர்கள், ஆட்களை எடுப்பது நீக்குவது, பத்திரிகையாளர்கள் இதெல்லாம் பெரும்பாலும் மூன்றாவதில் சேரும். ஒரே பக்கத்தில் எழுதி அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்தால், மூன்றாவதில் இருந்த சில இரண்டாவதுக்கு நகர்ந்திருக்கும்.

கேட்கிற விதத்திலும் பாதி கோபம் அடங்கும். "நிதித் தலைவர் நேரம் கேட்கிறார், எப்போது கொடுக்க?" என்றால் யோசிக்கிற வேலையை அவர் தலையில் போடுகிறீர்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "நிதித் தலைவருக்கு வியாழனுக்குள் 30 நிமிடம் வேண்டும். பட்ஜெட்டில் உங்கள் ஒப்புதல் இல்லாமல் நகராதாம். புதன் 3 மணி ரிவ்யூவை வெள்ளிக்குத் தள்ளினால் இடம் இருக்கிறது. தள்ளட்டுமா?" இதற்கு "ம்" போதும். இத்தகைய கேள்விகளை உடனுக்குடன் அனுப்பாமல் சேர்த்துவைத்து, காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கொண்டுபோங்கள். அன்றைக்கே தீர வேண்டியது மட்டும் விதிவிலக்கு.

மீட்டிங் மோதியதற்கு வருகிறேன். வெளியாள் ஒருவருக்கு மூன்று நேரங்களைச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது, அந்த மூன்றையும் காலண்டரில் தற்காலிகமாக அடைத்துவைக்க வேண்டும். அடைக்காவிட்டால் நடுவில் வேறொருவர் நுழைந்துவிடுவார். அநேகமாக உங்களுக்கு நடந்தது இதுதான். நேர்மாறான தவறும் உண்டு: ஒன்று உறுதியானதும் மற்ற இரண்டையும் அந்த நிமிடமே விடுவிக்க மறப்பது. நான்கு வாரத்தில் காலண்டர் முழுக்க யாருமில்லாத மீட்டிங்குகள் நிற்கும். தலைப்பிலேயே "ஹோல்டு, இன்னாருக்காக, 12ஆம் தேதி வரை" என்று கெடுவையும் எழுதிவிட்டால் மறக்காது. தலைப்பு என்றதும் ஒன்று: பல அலுவலகங்களில் மேலதிகாரியின் காலண்டர் தலைப்புகள் மற்றவர் கண்ணுக்கும் தெரியும். ஆட்குறைப்பு பற்றிய மீட்டிங்குக்கு அந்தப் பெயரையே வைத்தால் ஊழியர்கள் அதைக் காலண்டரில் படித்துத் தெரிந்துகொள்வார்கள்.

ஒரு மணி நேரம் நகர்ந்தது உங்கள் பிழையாக இருக்காது. கோடைகாலக் கடிகார மாற்றத்தைப் பாருங்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறது. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. திரும்ப வைப்பது ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு. ஆகவே மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து மணி நேரமாக இல்லாமல் நான்காகிவிடும். கடிகாரத்தையே மாற்றாத நாடுகளும் பல. தொடர் அழைப்பு எந்த ஊர் நேரத்தில் உருவாக்கப்பட்டதோ அந்த ஊரைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும், மற்றவர்களுக்கு நகரும். யாருக்கு நகரவே கூடாதோ அவருடைய ஊர் நேரத்தில் அழைப்பை உருவாக்குங்கள். அந்த நான்கு ஞாயிறுகளுக்கும் பத்து நாள் முன்னதாக நினைவூட்டல் வையுங்கள்.

பயணத்தில் அதிகம் சறுக்குவது நள்ளிரவு விமானம். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:10 என்றிருந்தால் அவர் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி மாலை. கார் 15ஆம் தேதி இரவுக்குச் சொல்லப்பட்டிருந்தால் விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். அதனால் காலண்டரில் விமான நேரத்தோடு கிளம்பும் நேரத்தையும் தனியாகப் போடுங்கள். இதே கணக்கு ஹோட்டலுக்கும் உண்டு. 16ஆம் தேதி விடியற்காலை 2 மணிக்குப் போய் இறங்குகிறவருக்கு 15ஆம் தேதி இரவிலிருந்து அறை எடுக்க வேண்டும். 16 என்று போட்டால் பிற்பகல்வரை வரவேற்பறையில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். தாமதமாக வருவார் என்று ஹோட்டலுக்கும் சொல்லிவையுங்கள், வரவில்லை என்று ரத்துசெய்துவிடுவதும் உண்டு. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. டிக்கெட் போடும் நாளிலேயே காலாவதித் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. எம்.டி. பெயரில் ஒரு மெயில் வரும்: "மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது. இந்தக் கணக்குக்கு உடனே பணம் போக வேண்டும், யாரிடமும் சொல்லாதீர்கள்." மோசடிக்காரர்கள் குறிவைப்பது உங்கள் நாற்காலியைத்தான், ஏனென்றால் அவர் சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்வது உங்கள் வழக்கம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த மெயிலுக்குப் பதில் எழுதாதீர்கள், அதிலுள்ள எண்ணையும் அழைக்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் அவரைக் கூப்பிடுங்கள். சப்ளையர் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று வரும் கடிதத்துக்கும் இதுதான். போர்டு மீட்டிங்கின் நடுவே அழைத்தாலும் கோபப்பட மாட்டேன் என்று அவரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கி, அந்த ஒரு பக்கத் தாளின் முதல் வரியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.