அம்மாவுக்கு மட்டும் தைராய்டு மருந்து ஏன் அதிகமானது?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, அப்பாவுக்கு 75. இருவருமே தைராய்டு குறைபாட்டுக்காகப் பல ஆண்டுகளாக லெவோதைராக்சின் மாத்திரை எடுத்து வருகிறார்கள். அம்மா 100 மைக்ரோகிராம், அப்பா 75. அண்மையில் பரிசோதித்ததில் அப்பாவின் டி.எஸ்.ஹெச். 2.4. அம்மாவுக்கோ 0.06. மருந்து அதிகமாகிவிட்டது என்கிறார்கள். முன்பு 62 கிலோ இருந்த அம்மா இப்போது 48 கிலோதான். தூக்கமும் சரியில்லை. ஊசியில் நூல் கோக்க முடியாத அளவுக்குக் கை நடுங்குகிறது. வயதாகிவிட்டது என்றே நினைத்திருந்தோம். இது பெண்களுக்கு மட்டும் வருவதா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். மருத்துவர் பார்த்து அளவைக் குறைக்க வேண்டும். டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்; உடலில் தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் அது குறைந்துவிடும். அதனால்தான் 0.06 என்றால் மருந்து அதிகம் என்கிறார்கள்.

அம்மாவின் எடையைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று, விஷயமே அதில்தான் இருக்கிறது. தைராய்டு அறவே சுரக்காதவருக்குக்கூட ஒரு நாளின் முழு அளவு, கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம். 62 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 99 வருகிறது. அன்றைக்கு 100 சரியான அளவுதான். 48 கிலோவுக்கு 77 போதும். முதுமையில் தசை குறைவதாலும், மருந்து உடலைவிட்டு மெதுவாக வெளியேறுவதாலும் அதைவிடக் குறைவாகவே தேவைப்படும். உடல் இளைத்தது, சீட்டில் இருந்த எண் மாறவில்லை. 'பழைய மருந்தையே தொடரவும்' என்று எழுதிக்கொடுப்பது எங்களுக்கும் எளிது, உங்களுக்கும் எளிது! போதாக்குறைக்கு, மிகையான ஹார்மோன் தசையை இன்னும் கரைக்கும். எடை குறையக் குறைய அதே மாத்திரை மேலும் மிகையாகும்.

இது பெண்களுக்கு மட்டும் உரியதன்று. ஆனால் அவர்களே அதிகம் சிக்குகிறார்கள். தைராய்டு குறைபாடு ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் என்பதால் மாத்திரை எடுப்பவர்களிலும் பெண்களே மிகுதி. உடல் சிறிதாக இருந்தால் 25 மைக்ரோகிராம் கூடினாலே பெரிய மாற்றம். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுப்பவர்களுக்குத் தைராய்டு மருந்து கூடுதலாகத் தேவைப்படும்; ஈஸ்ட்ரோஜனை நிறுத்தும்போது இதையும் குறைக்க வேண்டும் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. இன்னொன்று என் சொந்த எண்ணம்: ஒரு பெண் சோர்வு, முடி கொட்டுகிறது என்று வந்தால் தைராய்டின் மேல் பழியைப் போட்டு அளவைக் கூட்டிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆண் அதே சோர்வைச் சொன்னால் வேறு காரணம் தேடுகிறோம்.

பாதிப்பு எலும்பிலும் இதயத்திலும் தெரியும். மாதவிடாய் நின்ற பிறகு ஏற்கெனவே மெலிந்துவரும் எலும்பை மிகை ஹார்மோன் மேலும் அரிக்கிறது. 65 வயதைத் தாண்டிய பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், டி.எஸ்.ஹெச். 0.1 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்காக இருந்தது. இதயத்தைப் பொறுத்தவரை, 1994-இல் வெளியான ஃபிராமிங்ஹாம் ஆய்வு 60 வயதைத் தாண்டிய ஆண், பெண் இருபாலரையும் பத்தாண்டுகள் கவனித்தது. டி.எஸ்.ஹெச். மிகக் குறைந்தவர்களுக்கு 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்ற ஒழுங்கற்ற துடிப்பு வரும் வாய்ப்பு மூன்று மடங்கு. பக்கவாதத்துக்கு வழிவகுக்கும் துடிப்பு அது. ஆகவே அம்மாவுக்கு ஈ.சி.ஜி.யும் எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். 14 கிலோ இழப்பு முழுவதையும் மாத்திரையின் கணக்கில் எழுதிவிடாமல், வேறு காரணம் உண்டா என்றும் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்தின் அளவைக் குறைக்கும் முன் இரண்டு கேள்விகள். முடிக்கோ நகத்துக்கோ பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுக்கிறாரா? சில ஆய்வகக் கருவிகளில் அது டி.எஸ்.ஹெச்.ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி பரிசோதிக்க வேண்டும். தைராய்டு புற்றுநோய்க்கு எப்போதாவது சிகிச்சை நடந்ததா? அவர்களில் சிலருக்கு வேண்டுமென்றே டி.எஸ்.ஹெச்.ஐக் குறைவாக வைத்திருப்பார்கள். அங்கே அளவை மாற்றும் முடிவு அந்தச் சிறப்பு மருத்துவருடையது.

இரண்டும் இல்லையென்றால் வழக்கமாக 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் குறைத்து, ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பிறகு மறுபரிசோதனை செய்வார்கள். நீண்ட நாள் அடங்கிக் கிடந்த டி.எஸ்.ஹெச். எழும்பச் சில மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி4 பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் சில வாரங்களில் அம்மாவுக்கு மந்தமாகத் தோன்றலாம். அதைக் கண்டு பழைய அளவுக்குத் திரும்பிவிடாதீர்கள். 70 வயதுக்கு மேல் டி.எஸ்.ஹெச். 4 முதல் 6 வரை இருந்தாலும் போதும் என்று அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2014 வழிகாட்டுதல் கூறுகிறது. இளையவர்களின் எண்ணை அவர் எட்டவேண்டியதில்லை.

அப்பாவின் மருந்தை இப்போது மாற்றத் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறையும், எடை குறைந்தால் உடனேயும் அவருக்கும் பரிசோதனை வேண்டும். அம்மாவுக்குப் படபடப்போ மூச்சுத்திணறலோ மார்பு வலியோ வந்தால், மறுபரிசோதனை நாளுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.