கடல் அறிவியல் படிக்க எந்த ஆங்கிலம் வேண்டும்?

கேள்வி: கடல் அறிவியல் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. பாடம், தேர்வு, ஆய்வக அறிக்கை எல்லாமே ஆங்கிலத்தில்தான். ஆங்கிலச் செய்தி படித்தால் புரிகிறது. ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால் முதல் பத்தியிலேயே தடுமாறுகிறேன். கலைச்சொல் அகராதி ஒன்றை வைத்துத் தினமும் மனப்பாடம் செய்துவருகிறேன். வகுப்பு தொடங்க ஐந்து மாதம் இருக்கிறது. இது போதுமா? ‘மரைன் இங்கிலீஷ்’ என்று விளம்பரம் செய்யும் பயிற்சியில் சேரலாமா?

பதில்: பணம் சம்பந்தப்பட்டதை முதலில் பார்த்துவிடுவோம். சேரும் முன் அந்தப் பயிற்சியின் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். மரைன் இங்கிலீஷ், மாரிடைம் இங்கிலீஷ் என்ற பெயர்களில் நடப்பவை பெரும்பாலும் கப்பலில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கானவை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் ஏற்றுக்கொண்ட தொடர்புச் சொற்றொடர்கள் அங்கே முக்கியப் பாடம்: சுக்கான் உத்தரவு, நங்கூரம், ஆபத்து அழைப்பு, வானொலியில் பேசும் முறை. ஆய்வுக் கப்பலில் ஏறும் நாளில் அதில் கொஞ்சம் பயன்படும். பிளாங்டன் (நீரோட்டத்தோடு மிதந்து போகும் உயிர்கள்) மாதிரியைப் பற்றி அறிக்கை எழுத அது உதவாது. பாடத்திட்டத்தில் வரைபடத்தை விவரிப்பதும் ஆய்வறிக்கை எழுதுவதும் இல்லையென்றால் சேர வேண்டாம்.

இனி மனப்பாடம். கலைச்சொற்கள்தான் இந்த ஆங்கிலத்தின் சுலபமான பகுதி என்பேன். ஒரு சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள். அதுவும் துண்டு துண்டாகப் பிரியும். தெர்மோகிளைன் என்றால் ஆழம் கூடக்கூட வெப்பநிலை வேகமாக மாறும் அடுக்கு. ‘கிளைன்’ பிடிபட்டுவிட்டால், உப்புத்தன்மை அப்படி மாறும் ஹாலோகிளைனும் அடர்த்தி மாறும் பிக்னோகிளைனும் தானாக வந்து சேரும். பெலாஜிக் என்பது திறந்த நீர்ப்பகுதி: எபிபெலாஜிக் 200 மீட்டர் வரை, மீசோபெலாஜிக் 200 முதல் 1,000 வரை, பேத்திபெலாஜிக் 1,000 முதல் 4,000 வரை. இப்படிப்பட்ட கிரேக்க, லத்தீன் உறுப்புகளை ஒரு மாதம் படித்தால் அகராதியில் பாதியை மூடிவிடலாம்.

உங்களைத் தடுமாற வைப்பது வேறு. ஏற்கெனவே தெரியும் என்று நீங்கள் தாண்டிப் போகும் சொற்கள். மீன்வளக் கட்டுரையில் ‘ரெக்ரூட்மென்ட்’ வந்தால் வேலைக்கு ஆள் எடுப்பதல்ல. இளமீன்கள் வளர்ந்து பிடிபடும் கூட்டத்தில் சேர்வது. ‘எஃபர்ட்’ என்பது எத்தனை படகு, எத்தனை நாள், வலை எத்தனை மணி நேரம் நீரில் இருந்தது என்ற கணக்கு. ‘ஃபெட்ச்’ என்பது காற்று தடையில்லாமல் வீசிவரும் நீர்ப்பரப்பின் நீளம். தெர்மோகிளைன் ‘ஷோல்ஸ்’ என்று எழுதியிருந்தால் அது மேலே ஏறுகிறது. ‘சிக்னிஃபிகன்ட்’ இன்னும் வம்பு பிடித்தது. அலைகளைப் பற்றிய பாடத்தில் ‘சிக்னிஃபிகன்ட் வேவ் ஹைட்’ என்பது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி உயரம். புள்ளியியல் பகுதியில் வந்தால் சோதனை செய்து தேறிய வேறுபாடு. ஆகவே ‘முக்கியமான’ என்று சொல்ல அந்தச் சொல்லை உங்கள் அறிக்கையில் போடாதீர்கள். எந்தச் சோதனை செய்தாய் என்று கேட்பார்கள்.

திசையிலும் கவனம் வேண்டும். ‘வெஸ்டர்லி விண்ட்’ மேற்கிலிருந்து வருவது. ‘வெஸ்ட்வர்ட் கரன்ட்’ மேற்கு நோக்கிப் போவது. காற்றுக்கு வந்த திசை, நீரோட்டத்துக்குப் போகும் திசை. வாடையும் கொண்டலும் தென்றலும் வந்த திசையால் பெயர் பெற்றவைதானே, அதனால் காற்று நமக்குக் குழப்பாது. நீரோட்டத்தில்தான் தவறு வரும்.

சரி, இதை எப்படிப் பழகுவது? கட்டுரையை முதல் வரியிலிருந்து படிக்காதீர்கள். படத்தையும் அதன் கீழுள்ள விளக்கத்தையும் மட்டும் பாருங்கள். தெரிவதை நான்கு ஆங்கில வாக்கியங்களில் எழுதுங்கள். அதன் பிறகு ‘ரிசல்ட்ஸ்’ பகுதியைத் திறந்து, அதே படத்தை ஆசிரியர்கள் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் ‘லெஸ் சலினிட்டி’ என்று எழுதியிருப்பீர்கள், அவர்கள் ‘லோயர் சலினிட்டி’ என்று எழுதியிருப்பார்கள். நீங்கள் ‘ப்ரூவ்ஸ்’ என்று அடித்துச் சொன்ன இடத்தில் அவர்கள் ‘சஜஸ்ட்ஸ்’, ‘இஸ் கன்சிஸ்டன்ட் வித்’ என்று பிடி கொடுக்காமல் நிற்பார்கள். இந்த நிதானம் அடக்கத்துக்காக அல்ல. தரவு எவ்வளவு தாங்குமோ அவ்வளவே சொல்வது அங்கே இலக்கணம் மாதிரி.

பயிற்சிக்குப் படம் தேடி அலைய வேண்டாம். உலகக் கடல்களில் சுமார் 4,000 ஆர்கோ மிதவைகள் இருக்கின்றன. சாதாரணமாக 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வெப்பநிலையும் உப்புத்தன்மையும் அளந்தபடி மேலே வரும். தரவு அத்தனையும் இலவசம். வாரம் ஒரு மிதவையின் வரைகோட்டை எடுத்து ஐந்து வாக்கியத்தில் விவரியுங்கள். இந்த வரைகோடுகளில் ஆழம் கீழ்நோக்கி ஓடும். ‘ஹை’, ‘லோ’ என்று எழுதினால் அளவா இடமா என்று தெரியாது. இடத்துக்கு ‘ஷாலோவர்’, ‘டீப்பர்’ என்றே எழுதப் பழகுங்கள். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வு எழுதப் போகிறீர்கள் என்றால் அதன் முதல் எழுத்துப் பணிக்கும் இதே பயிற்சி கைகொடுக்கும்.

செய்முறைப் பகுதிக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். ‘சிடிடி காஸ்ட்ஸ் வேர் மேட் அட் ட்வெல்வ் ஸ்டேஷன்ஸ் அலாங் எ டிரான்செக்ட்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். சிடிடி என்பது மின்கடத்துதிறன், வெப்பநிலை, ஆழம் அளக்கும் கருவி. அதை ஒருமுறை இறக்கி ஏற்றுவது ஒரு காஸ்ட். ஸ்டேஷனில் கட்டடம் எதுவும் கிடையாது, கப்பல் நிற்கும் ஒரு புள்ளி. டிரான்செக்ட், அந்தப் புள்ளிகளை இணைக்கும் கோடு. காஸ்டோடு ‘மேட்’ சேர்கிறது, செய்தவர் யார் என்பது வாக்கியத்தில் இல்லை, நடந்து முடிந்ததால் இறந்தகாலம். எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதை அகராதி முழுதாகச் சொல்லாது. வசேடா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் அந்தோனி உருவாக்கிய ஆன்ட்கான்க் என்ற இலவச மென்பொருள் சொல்லும். உங்கள் துறையில் திறந்த அணுக்கமாக, அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும்படி, கிடைக்கும் இருபது கட்டுரைகளின் உரையை அதில் ஏற்றி, ‘சலினிட்டி’ என்று தேடுங்கள். அந்தச் சொல் வரும் வரிகளெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். முன்னும் பின்னும் எது வருகிறது என்பது கண்ணிலேயே தெரியும்.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். உயிரினப் பெயர்களைப் பேராசிரியர்களே ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். எழுத்தில் அந்தச் சலுகை கிடையாது: பேரினப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும், சிற்றினப் பெயர் சிறிய எழுத்தில், இரண்டும் சாய்வெழுத்தில். பெயர் இன்றும் செல்லுமா என்பதை உலகக் கடல்வாழ் உயிரினப் பதிவேட்டின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஒருமை பன்மையில் அல்கா–அல்ஜீ, லார்வா–லார்வே ஜோடிகளைப் பழகுங்கள். ‘ஸ்பீஷீஸ்’ இரண்டுக்கும் ஒன்றுதான்.

இந்த வாரமே துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். முதல் பருவத்துக்கான வாசிப்புப் பட்டியலும், நல்ல மதிப்பெண் பெற்ற மாதிரி ஆய்வக அறிக்கை ஒன்றும் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால் ஆன்ட்கான்கில் ஏற்ற வேண்டிய முதல் கோப்புகள் அவைதான்.